கெட்டதென்று எழுதப்பட்ட ரத்தம்

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடிக் கடைசி அறையில் இருபத்தாறு வருடம் ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்களோடு வேலை பார்த்தவர் அந்த அம்மாள். அங்கே ஈரல் நோய் ஆய்வை நடத்தும் ஆராய்ச்சி டாக்டரின் பெயர் கட்டுரைகளின் தலையில் வரும். இவர் பெயர் எப்போதாவது கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில் வரும். ஆஸ்பத்திரி முழுவதற்கும் இவர் 'லேப் அக்கா'.

ஈரல் சுருங்கிப்போனவர்களை ஈரல் மட்டும் கொல்வதில்லை. வழியில் போகிற கிருமியெல்லாம் உள்ளே புகுந்து கொல்லும். காவலுக்கு நிற்க வேண்டிய வெள்ளை அணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தும் செயலற்றுக் கிடக்கும். நோயாளியின் ரத்தத்தில் செத்த கிருமியைக் கலந்து, அணுக்கள் சண்டைக்கு எழுகின்றனவா என்று அளப்பது லேப் அக்காவின் வேலை. எழவில்லை என்றால் உடனே வார்டுக்குப் போன் போகும். காய்ச்சல் வருவதற்கு முன்பே மருந்து தொடங்கிவிடுவார்கள். அப்படிப் பிழைத்து வீட்டுக்கு நடந்து போனவர்கள் பல பேர்.

ஒரு கண்டிப்பு உண்டு. இந்த ரத்தத்தை ஐஸில் வைக்கக் கூடாது. குளிர் பட்டால் நல்ல அணுவும் செத்ததுபோலக் கிடக்கும். வேறு சில பரிசோதனைகளுக்கு ஐஸ் கட்டாயம் வேண்டும் என்பதால், வார்டிலிருந்து ரத்தம் கொண்டுவரும் ஊழியருக்கு இது முதலில் பிடிபடவில்லை. முதல் மாதத்தில் மூன்று முறை ஐஸில் புதைத்துக் கொண்டுவந்தார். அவருக்கு லேப் அக்கா வைத்த பெயர் 'தபால்'.

"ஏய் தபால், இது என்ன, ஐஸ்கிரீமா?"

"வெயில்ல கெட்டுடக் கூடாதுன்னு நல்லதுதானேக்கா பண்ணேன்?"

"உன் நல்லதுல தீய வை."

தபால் ஒப்பந்தத் தொழிலாளி. பத்து வருடத்துக்கு முன்பு குப்பைப் பையைக் கட்டும்போது, யாரோ மூடி போடாமல் எறிந்த ஊசி அவர் உள்ளங்கையில் ஏறியது. நிரந்தர ஊழியர்களுக்கு, ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்குத் தடுப்பூசி உண்டு. ஒப்பந்தக்காரர்களுக்குப் பட்டியலில் இடமில்லை. நீ நிரந்தரமா, ஒப்பந்தமா என்று கேட்டுவிட்டா கிருமி நுழைகிறது? ஈரல் சுருங்கியது. வாழ்நாளில் ஒரு மடக்கு குடிக்காத மனிதரைப் பார்த்து, "எங்கயாவது ஒளிஞ்சு குடிச்சிருப்பான்" என்றார்கள். சிலர் தலைவிதி என்றார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் பட்டியல் போட்டவனை யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. எவ்வளவு வசதி!

நோயாளியான பிறகும் தபால் பெட்டி தூக்குவதை விடவில்லை. ஆய்வுக்கு மாதாமாதம் தன் ரத்தத்தையும் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலில் புற்று வந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பார்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் வெட்டி எடுத்துவிடலாம். அவர் பயந்ததெல்லாம் அதற்குத்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். தன் ரத்தத்தைத் தானே தூக்கிக்கொண்டு, சிரிப்பு தாங்காமல் வந்தார்.

"கட்டி கிட்டி ஒன்னுமில்லையாம்க்கா. இன்னும் முப்பது வருஷம் உங்க உயிரை எடுப்பேன். இந்தாங்க, இன்னிக்கு என் கடுதாசி."

மதியம் அளவு வந்தது. நூறு அணுக்களில் பதினொன்றுதான் எழுந்திருந்தன. போன மாதம் எழுபது. லேப் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆளைக் கூப்பிட்டார்.

"மறுபடியும் ஐஸ்ல வச்சியா?"

"இல்லக்கா. என் ரத்தத்தை நானே கெடுப்பனா?"

"பின்ன ஒரே மாசத்துல எப்படி இப்படி விழும்? காலையில படியேறி வந்த ஆளு நீ."

"சத்தியமா வைக்கலக்கா."

"சத்தியத்தை எல்லாம் கோர்ட்டுல போய்ப் பண்ணு."

தபால் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். லேப் அக்கா பதிவேட்டில் 'குளிர்பட்டுக் கெட்டது' என்று எழுதினார். கெட்ட ரத்தத்தின் அளவு வார்டுக்குப் போகாது. அடுத்த மாதம் புதிதாக எடுப்பார்கள். அது விதிமுறை.

பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதியும் சின்னக் கருவி ஒன்று உண்டு. அதைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்ப்பது மாதக் கடைசியில்தான். அன்று பார்த்திருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

ஒன்பதாம் நாள் தபாலுக்குக் காய்ச்சல். ஈரல் நோயால் வயிற்றில் தேங்கியிருந்த கொஞ்ச நீரில் கிருமி பெருகியிருந்தது. மருந்து பிடிப்பதற்குள் சிறுநீரகம் நின்றது. பதின்மூன்றாம் நாள் இறந்துபோனார்.

மறுநாள் லேப் அக்கா அந்தக் கருவியைச் செருகினார். செவ்வாய்க்கிழமை, வார்டில் புறப்பட்டதிலிருந்து அறைக்கு வந்து சேரும்வரை, இருபத்துமூன்று டிகிரி. ஐஸின் வாடையே இல்லை. ரத்தம் கெடவில்லை. அணுக்கள்தான் கைவிட்டிருந்தன.

ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பமாட்டார் என்று பெயரெடுத்தவர் அவர். ஆதாரம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. சொன்னவன் பெட்டி தூக்குகிறவன் என்பதால் அதைத் தேடவேண்டும் என்றே தோன்றவில்லை. ஒரு டாக்டர் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் தேடியிருப்பார்.

"விடுங்கம்மா," என்றார் ஆராய்ச்சி டாக்டர். "ஒரு எண் போனா ஆய்வு குலைஞ்சுடாது. கிளறினா எல்லாருக்கும் தலைவலி."

"எண் போகல சார். ஆள் போயிட்டான்."

அவர் எதிரிலேயே பதிவேட்டைத் திறந்து, எழுதியதை அடித்து, 'ரத்தம் கெடவில்லை, என் முடிவு தவறு' என்று கையெழுத்துப் போட்டார். பெட்டி வந்தவுடன் கருவியைப் பார்ப்பது என்று அதற்குப் பிறகு மாற்றினார்கள். தடுப்பூசிப் பட்டியலை மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லேப் அக்கா தபாலின் வீட்டுக்குப் போனார். ஒரே அறை, ஜன்னலோரம் தையல் மிஷின். தபாலின் மனைவி பாதி தைத்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, சொன்னதையெல்லாம் கேட்டார். லேப் அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை.

"அன்னிக்கே அவரை நம்பியிருந்தா?"

யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை.

"அன்னிக்கே மருந்து ஆரம்பிச்சிருப்பாங்கம்மா. பிழைச்சிருக்கலாம்."

அந்தப் பெண் மடியிலிருந்த சட்டையை மடித்து மிஷின் மேல் வைத்தார்.

"அன்னிக்கு ராத்திரி சாப்பிடாம உக்காந்திருந்தாரு. 'ஒருவேளை ஞாபகமில்லாம ஐஸ்ல வச்சுட்டேனோ? அக்கா சொன்னா தப்பா இருக்காதே'ன்னு எங்கிட்டயே ரெண்டு தடவை கேட்டாரு."

லேப் அக்கா வாயைத் திறந்தார்.

"வேணாம். போங்க," என்றார் அந்தப் பெண்.