டபுள் கிளச்சு

அடிவாரத்தில் லாரி ஓட்டக் கற்கச் சேர்ந்த முதல் நாள், பயிற்சியாளர் இரண்டு வண்டிகளைக் காட்டினார்.

"புதுசுல கியர் லேசா விழும் கண்ணு. பழசு டபுள் கிளச்சு. கியரைக் கொறைக்க ரெண்டு தடவ கிளச்சு மிதிச்சு, நடுவுல ரேஸ் குடுக்கோணும். எதுல பழகறீங்க?"

டிப்ளமோவில் இரண்டு வகைக் கியர் பாக்ஸையும் பிரித்துப் பூட்டியவள் நான். பதில் சொல்வதற்குள், பழைய வண்டியில் யாரோ கியரைத் தவறாகத் தள்ள, பற்சக்கரங்கள் கரகரவென்று அரைத்தன.

மலைமேல் எங்கள் ஊர் கொட்டச்சேட்டில், எட்டு வயதில் கேட்ட சத்தம். அப்பா எஸ்டேட் லாரி டிரைவர். அவர் சட்டையில் காப்பிக்கொட்டையும் டீசலும் சேர்ந்து மணக்கும். அன்று அவருக்குக் காய்ச்சல். புது லாரிகளையே ஓட்டிப் பழகிய சித்தப்பா சாவியை எடுத்தார்.

"டபுள் கிளச்சுடா, மறந்துறாத."

"கஞ்சியக் குடிச்சுட்டுப் படுண்ணா. உன்ற வண்டி என்ன ஏரோப்ளேனா?"

வீட்டுக்குக் கீழே, மலைச் சாலையின் வளைவில் பற்சக்கரங்கள் அரைத்தன. கியர் விழவில்லை. நியூட்ரலில் உருளும் பார வண்டியை பிரேக் மட்டும் தாங்காது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்த அப்பா, "ரெண்டு தடவ மிதிடா, ரெண்டு தடவ!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். அவருடைய இடது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. கீழே மரங்கள் முறியும் சத்தம் கேட்ட பிறகும் அந்தக் கால் நிற்கவில்லை. சித்தப்பாவின் உடலை மாலையில்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

"பழசுங்க," என்றேன்.

"நொம்பக் கஷ்டமுங்க. புதுசுல பழகிட்டு அப்பறம் இதுக்கு வரலாமே கண்ணு?"

"அப்படி வந்தவர் ஒருத்தரை எனக்குத் தெரியுமுங்க."