பஸ்ஸுக்காக நிறுத்திய எக்ஸ்ரே

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்தேன். மலைமேல் ஜமுனாமரத்தூருக்குப் போகிற பஸ் மத்தியானம் ஆலங்காயத்திலிருந்து வந்து எங்கள் வாசலில் நிற்கும். அதை விட்டால் மறுநாள்தான். அதனால் மலையிலிருந்து வருகிறவர்களுக்கு எந்தச் சோதனையானாலும் பஸ் வருவதற்குள் முடித்து அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். இதை இரக்கம் என்று வேறு சொல்லிக்கொண்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பேரியம் சோதனை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுண்ணாம்பைக் கரைத்தது போன்ற பேரியத்தை நோயாளி குடிக்க வேண்டும். அது போகிற வழியெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். இரைப்பைக்கு உடனே போய்விடும். சிறுகுடலைக் கடக்க மணிக்கணக்காகும். விட்டு விட்டுப் படம் எடுத்துக் காத்திருக்க வேண்டும். குடலுக்கு பஸ் டைம் தெரியுமா?

சின்னப்பொண்ணு மலையில் சாமை பயிரிடுகிறவள். மலம் கறுப்பாகப் போகிறது என்று வந்தாள். ரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தாள். இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் இரைப்பைப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு, 'நார்மல்' என்ற ரிப்போர்ட்டோடும் பூச்சி மருந்தோடும் பஸ் ஏறினாள். மலைக்காரர்கள் வெளுத்திருந்தால் வயிற்றில் பூச்சி என்று எங்கள் டாக்டர் முன்கூட்டியே முடிவு கட்டி வைத்திருந்தார்.

மூன்றாவது தடவையும் அதே கதைதான்.

"வயிறு க்ளீனா இருக்கும்மா. பூச்சிதான். பஸ் வந்துடும், அனுப்பிடு" என்றார் டாக்டர் என்னிடம்.

"சிறுகுடல் இன்னும் பாக்கலியே, டாக்டர்?"

"அதுக்கு சாயங்காலம் ஆயிடும். பாவம், எங்க போய்த் தங்குவா?"

அவளைக் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மேசையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு நின்றாள்.

"இன்னா சார் இது, பஸ் போனா நாளிக்கி வரும். என் உசுரு போனா வருமா? நான் வராண்டாவுல படுத்துக்கறேங்க. உள்ள இன்னா கீதுன்னு பாத்துச் சொல்லுங்க."

டாக்டருக்கு முகம் சுண்டிப்போனது. "சரி, எடு" என்றார். வெளியே பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது.

சாயங்காலம் எடுத்த படத்தை டார்க் ரூமில் கழுவி எடுத்தேன். வெள்ளையாக நிறைந்த சிறுகுடலில் ஓரிடத்தில் மட்டும் பேரியம் ஏறாமல், எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையாக ஒரு வெற்றிடம். டாக்டர் படம் காயும் வரைகூடக் காத்திருக்கவில்லை. ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுநாளே அவளை வேலூருக்கு அனுப்பினார். அங்கே ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

வேலூரிலிருந்து தகவல் வந்ததும் டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னார்: "சிறுகுடல்ல கட்டி ரொம்ப அபூர்வம். மலை ஜனங்கள்ல இதான் நமக்கு முதல் கேஸ்."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "இதுக்கு முன்னாடி அவங்கள்ல யாருக்கு சாயங்காலம் வரைக்கும் படம் எடுத்தோம், டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

இப்போது ஸ்கேன் அறையில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். 'நார்மல்' என்று எழுதும் முன் எதுவரை பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். எங்கள் 'நார்மலை' நம்பி பஸ் ஏறிய பலர் திரும்பி வரவே இல்லை. குணமாகிவிட்டதால்தான் வரவில்லை என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள்.