இரண்டு வீட்டுக்கும் நடுவில் வயர் இல்லை

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் ஆலங்குடாவுக்கு வந்து என் அறை அலுமாரியைத் திறந்து பாருங்கள். நான் திறக்க மாட்டேன்.

என் பெயர் ஸியாத். இங்கே ஒரு ஹோட்டலில் வேலை. எங்கள் வளவில் இரண்டு வீடுகள். முன்வீட்டில் உம்மாவும் நானும். பின்வீடு என் கூடப்பிறந்த ராத்தா நஃபீஸாவுடையது. அவருடைய புருஷன் றிம்ஸான் மச்சான், போன வருடம் கடலுக்குப் போய் ஜனாஸாவாகத்தான் கரை சேர்ந்தார். ராத்தா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. புருஷனை இழந்தவர் என்பதால் பிள்ளை பிறக்கும் வரை அந்நிய ஆண் முகம் பாராமல் பின்வீட்டிலேயே இத்தா இருந்தார். இரவில் துணைக்கு உம்மா போவார்.

மச்சான் உயிரோடு இருந்தபோதே ராத்தாவுக்காக ஒரு அழைப்பு மணி பொருத்தப் பார்த்தவர். கட்டிலருகே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் என் அறையிலுள்ள ஸ்பீக்கர் பேச வேண்டும். குரலையும் அவரே பதிந்தார்: "ஸியாத், ராத்தா கூப்புடுறா." கடைசியில் ஒரு சிரிப்பு. சரியான பகிடிக்காரர்.

ஆனால் அது ஒரு நாளும் வேலை செய்யவில்லை. பொத்தான் பின்வீட்டு வைஃபை ரவுட்டரில். ஸ்பீக்கர் முன்வீட்டு ரவுட்டரில். இரண்டுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொடுத்தால் சரி என்று நினைத்துவிட்டார். பெயர் ஒன்றானாலும் இணைப்பு வேறு வேறு. ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. நடுவில் வயர் இழுக்க வேண்டும்.

பிரசவ மாதம் நெருங்கியதும் புத்தளத்திலிருந்து ஒரு டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். உம்மா வாசல் கேற்றிலேயே மறித்துவிட்டார்.

"இத்தா வீடு. அந்நிய ஆம்புள உள்ளுக்கு வரப்படாது."

"அப்ப மணி?"

"நீ இழு."

எனக்குச் சரியான கோபம். காற்றுக் காலத்தில் பின்வீட்டில் கத்தினாலும் முன்வீட்டுக்குக் கேட்காது. ராத்தாவுக்கு ஒன்று நடந்தால்? வயர்ச் சுருளை வாங்கி வந்து அலுமாரிக்கு மேலே போட்டேன். வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்கு இழுக்கலாம் என்று.

அதற்கு முதல் நாள் வியாழன். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு முடிந்திருந்தது. உம்மா முன்வீட்டில் தொழுதுகொண்டிருந்தார். நான் தொழுகைக்கு வுளூச் செய்துவிட்டு அறைக்குள் வந்தேன்.

டிக்...

"ஸியாத், ராத்தா கூப்புடுறா."

மச்சானின் குரல்.

ஏதோ கோளாறு என்று பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்பீக்கரின் வெளிச்சம் அணைந்தது.

அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு வரவில்லை...

அணைந்த ஸ்பீக்கர் மறுபடி பேசியது.

"ஸியாத்... கெதியா போ."

அதை அவர் பதியவே இல்லை.

ஓடினேன்.

பின்வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

ராத்தா தரையில்.

இரத்தம்...

ஹோட்டல் வாகனத்தில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பெண் பிள்ளை. கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்றார் டொக்டர்.

அடுத்த நாள் கேட்டேன்.

"ராத்தா, மணிய அழுத்தினீங்களா?"

"இல்ல தம்பி. அது கட்டிலுக்குக் கீழ உழுந்திட்டு. கை எட்டல்ல."

"கதவத் திறந்தது யாரு?"

ராத்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றைக்கே ஸ்பீக்கரைச் சீலையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ராத்தாவும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். ஏழாம் நாள்தான் பெயர் வைப்பதாக இருந்தோம். அதற்கு முதல் நாள், மஃரிப் நேரம், பூட்டிய அலுமாரிக்குள்ளிருந்து...

"ஸியாத், ஸஹ்றா அழுறா."

கடைசியில் அந்தச் சிரிப்பு.

பின்வீட்டுக்குப் போனேன். பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"ராத்தா... ஸஹ்றா ஆரு?"

ராத்தா பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஒனக்கு ஆரு சொன்ன? பொம்புளப் புள்ளயெண்டா அந்தப் பேர்தான் எண்டு அவர் என்ட காதுல மட்டுந்தானே சொன்ன..."

அந்தப் பெயரையே வைத்தோம். வேறு பெயர் வைக்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

வயர்ச் சுருள் இன்னும் அலுமாரிக்கு மேலே, கட்டு அவிழ்க்காமல் கிடக்கிறது.