கயல்விழியின் வெந்நீர்த் தொட்டி

முழங்கையை முக்கிப் பார்க்கிறாள் கயல்விழி. சுவரில் வெப்பமானி தொங்குகிறது. அதையும் பார்ப்பாள், ஆனால் பிறகுதான். "மீட்டருக்கு மூட்டு வலி இன்னா தெரியும்?" என்பாள். வெதுவெதுப்பு முழங்கைக்குப் பிடித்தால்தான் யாரையும் உள்ளே இறங்க விடுவாள்.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர்களின் லைன் வீடுகள் முடிகிற இடத்தில் ஓர் அறக்கட்டளை கட்டிய சிமென்ட் தொட்டி அது. ஒரு முனையில் படிகளும் கைப்பிடியும். மறுமுனையில் மார்பளவு ஆழம். பிசியோதெரபி படித்து, பெங்களூரில் பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, பக்கத்திலேயே தான் பிறந்த பாலகாட்டுக்கே திரும்பி வந்தவள் கயல்விழி. "அங்க தொட்டி ஜோரா இருக்கும். வாய்ப்பேச்சுக்குத்தான் ஆளு கிடையாது" என்று காரணம் சொல்வாள். தண்ணீரிலேயே கிடப்பதால் விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருக்கும். ரேகை வைத்தால் கைபேசி திறக்காது. "என் போனுக்கே என்னைத் தெரியல" என்று அதைத் திட்டிவிட்டு மீண்டும் இறங்குவாள்.

தண்ணீரைப் பற்றி, கூடவே வேலை செய்கிற ஆளைப் போலப் பேசுவாள். "மெதுவா கைய வீசுங்க, வழி வுடும். வேகமா வீசுனா மல்லுக்கு நிக்கும்." அந்த மல்லுக்கட்டில்தான் சோர்ந்த தோள்கள் உரம் பெறுகின்றன. வீங்கிய கணுக்காலை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்தி வீக்கத்தை வடிய வைப்பதும் அதே தண்ணீர்தான். ஆனால் அந்த அழுத்தம் நெஞ்சையும் இறுக்கும். சுரங்கத் தூசு நுரையீரலில் படிந்தவர்களை அவள் விலாவுக்கு மேல் நனைய விடுவதில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பேச்சு நடுவில் மூச்சு உடைந்தால் உடனே மேலே கூட்டிவந்துவிடுவாள்.

சுரங்கத்தில் பாறை துளைக்கும் டிரில்லராக இருந்த தம்மபாலன், இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து, மகள் மாயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தார். எலும்பு கூடிவிட்டது. பிடியை விட்டு நிற்கத்தான் முடியவில்லை. புத்த பூர்ணிமா ஊர்வலத்தில் பஞ்சசீலக் கொடியை முன்னால் ஏந்திச் செல்பவர் அவர். கொடிக்கம்புக்கு இரண்டு கையும் வேண்டும். பூர்ணிமாவுக்குச் சில வாரங்களே இருந்தன.

முதல் நாள் ஆழத்துக்கு வர மறுத்தார்.

"இன்னாம்மா, எடுத்ததும் அடி லெவலுக்கு இறக்குற? சுரங்கத்துல மேல் லெவல்ல தொழில் கத்துக்கினு அப்புறம்தான் கீழ போவணும். கீழ போகப் போக பாரம் ஜாஸ்தி. மலையே தலைமேல குந்திக்கும்."

"இங்க எல்லாம் உல்டா பெரீப்பா. கீழ போனாதான் லேசு."

"எனக்கே ஷாஃப்ட்டு ஆழம் சொல்லித் தர்றியா நீ?"

முழங்கால் அளவுத் தண்ணீரில் பிடிவாதமாக நின்று கைப்பிடியை விட்டார். இடுப்பு மடிந்தது. விழுவதற்குள் கயல்விழி அக்குளில் கைகொடுத்துத் தாங்கிவிட்டாள். அவர் மகளைப் பார்த்து, "கொடிய இந்த வருசம் வேற யார்கிட்டனா குடுத்துரச் சொல்லு" என்றார்.

கயல்விழி அவரைப் பிடித்தபடியே பின்னோக்கி நடந்தாள். தண்ணீர் தொடைக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது, விலாவின் கீழ் வந்து நின்றது.

"இப்போ அந்தக் கால தூக்குங்க."

தூக்கினார். தானாக எழும்பி வந்த காலைப் பார்த்து அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

"பாதிக்கு மேல உங்கள தண்ணி தூக்கிக்கிச்சு. மிச்சம் இருக்கிற ஆளத்தான் நீங்க தூக்கணும்."

"அடிப்பாவி! கயிறே இல்லாம ஆளத் தூக்குற கேஜா இது!" என்று சிரித்தார்.

ஆழத்தில் நடை பழகியதும் கொஞ்சம் மேட்டுக்கு, அது பழகியதும் இன்னும் மேட்டுக்கு. ஏறும்தோறும் தண்ணீர் தன் பங்கைக் குறைத்துக்கொண்டது; அவர் பங்கு கூடியது. புதிதாக வந்த ராஜப்பா படியிலேயே நின்று தயங்கியபோது, "மேல நின்னு பந்தா காட்டாத மச்சான். ஆழத்துக்கு வா, நான் இருக்கேன்" என்று தம்மபாலன் குரல் கொடுத்தார். கயல்விழி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அன்று முழுக்க அவள் நடையே வேறாக இருந்தது.

பூர்ணிமாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஆழத்திலிருந்து ஏறி வந்து கடைசிப் படி. கணுக்கால் அளவுத் தண்ணீர் யாரையும் தாங்காது. தம்மபாலன் ஒரு கையால் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தார். எதிரே, விழுந்தால் பிடிக்கும் தூரத்தில், கயல்விழி.

"உங்களுக்குப் பதிலா இன்பராஜ் அண்ணன் கொடி தூக்க ரெடியாமே, பெரீப்பா?"

"யாரு, அவனா? மம்பட்டிய தோள்ல போட்டுக்கினு போற மாதிரி போவான்! கொடின்னா நெட்டுக்குத்தா நிக்கணும். போன தடவ ஒரு நிமிசம் கையில குடுத்தேன், கரண்டு கம்பியில மாட்டிக்கினு முழிக்கிறான்..."

திட்டிக்கொண்டே, சொட்டும் சட்டையின் விளிம்பை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து முறுக்கிப் பிழிந்தார். தண்ணீர் கொட்டியது. திட்டு நிற்கவில்லை.

பெஞ்சில் இருந்த மாயா "நைனா" என்று கத்தப்போகிறவள் போல எழுந்தாள். கயல்விழி அவருடைய முழங்கால்களிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஈர விரலைத் தன் உதட்டின் மேல் வைத்தாள்.