இருபத்து நாலு கட்டம் சும்மா

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ‘டோக்கன் அக்கா’ என்று பெயர். காலையில் பல் மருத்துவமனையில் டோக்கன் எண்ணைக் கூவுவது வேலை. மத்தியானம் இசையமைப்பு முதுகலை வகுப்பு. வயது நாற்பத்தெட்டு. கூடப் படித்த பதினோரு பேருமே அவள் மகளைவிடச் சின்னவர்கள்.

வீட்டுக்காரர் முன்னறையில் மிக்ஸி ரிப்பேர் செய்கிறவர். சரியான மிக்ஸியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். சரியாகாததை நாள் முழுக்க ஓட்டிப் பார்ப்பார். மாமியாருக்குக் காது மந்தம், அதனால் டிவிக்குத் தொண்டை பெரிசு. மகள் போனில் பேசினால் எதிர்முனைக்காரருக்குப் போனே தேவைப்படாது.

“இந்த வீட்ல இருந்துக்கிட்டு உனக்கு மியூசிக் வேறயாம்மா?” என்பாள் மகள்.

“இந்த வீட்ல இருக்கறதாலதான்டி.”

இறுதித் தேர்வில் நான்கு தந்தி வாத்தியங்களுக்கு ஒரு பாட்டு எழுத வேண்டும். இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தாள். இரண்டு முறையும் தேர்வாளர் குறிப்பு ஒன்றேதான்: ‘ஓசை அதிகம்.’ மூன்றாவது முறைதான் கடைசி. அதிலும் போனால் மூன்று வருஷப் படிப்பும் ஆற்றில் கரைத்த புளி.

தேர்வுக்கு முந்தின வாரம் வீட்டில் கரண்ட் போனது. மிக்ஸி நின்றது, டிவி நின்றது, பேட்டரி போய்ச் சார்ஜரோடு கிடந்த போன் செத்தது. எல்லோரும் வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். திட்டுவதற்கு ஆள் யோசித்து முடிக்க ஒன்றரை நிமிஷம் ஆனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்து நான்கு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த ஒன்றரை நிமிஷம் அது.

தேர்வில் அதையே எழுதினாள். முதல் நான்கு பக்கம் வீடு. ஐந்தாம் பக்கம் முழுக்கக் காலி, நான்கு எண்ணிக்கைக்கு ஒரு கட்டமாக இருபத்து நாலு கட்டம், நால்வரும் சும்மா. ஆறாம் பக்கத்தில், நான்கில் பெரிய வாத்தியமான செல்லோவுக்கு மட்டும் ஒரே ஒரு தாழ்ந்த சுரம்.

அன்றைக்கு ஹால் சூப்பர்வைசராக வந்தவர் சாலைப் பொறியியல் வாத்தியார். விதி என்றால் விதிதான். தாள்களை வாங்கிக்கொண்ட பிறகு, எழுதாத பக்கத்தையெல்லாம் சிவப்பு மையால் மூலைக்கு மூலை சாய்கோடு அடித்துவிட்டார்.

டோக்கன் அக்காவுக்கு அது தெரிந்தது, மார்க் போடுவதற்காகத் தேர்வாளர் முன்னால் நான்கு வாத்தியக்காரர்கள் பாட்டை வாசித்த அன்றுதான். ஐந்தாம் பக்கம் வந்ததும் முதல் வயலின் உச்சியிலிருந்து வழுக்க ஆரம்பித்தது. இரண்டாவது வயலின் ஏந்திக்கொண்டது, அப்புறம் வயோலா, அப்புறம் செல்லோ. ஒன்றரை நிமிஷம், லாரி ஒன்று மலைச்சரிவில் நிதானமாக விழுகிற மாதிரி. சாய்கோடு போட்டால் வழுக்கிக்கொண்டு போ என்று வாத்தியக்காரர்களுக்கு அர்த்தம்.

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடடா! அந்தச் சரிவு எப்படிம்மா தோணிச்சு?”

“அது நான் போட்ட கோடு இல்ல சார்.”

தேர்வு அதிகாரி ஓடி வந்தார். சாலை வாத்தியாரையும் கூட்டி வந்தார்கள்.

“நான் ரோடு போடற ஆளு சார், எனக்கெதுக்குப் பாட்டு?” என்றார் அவர். பக்கத்தைப் பார்த்ததும் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. “ஸ்கேல் வெச்சுத்தான் போட்டிருக்கேன்.”

“நல்லா இறங்குது சார்,” என்றார் செல்லோக்காரர்.

அதிகாரி தாளைத் தள்ளினார். “கோடு என்னுதுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. முதல் ரேங்க் உங்களுக்கு.”

“போடலேன்னா?”

“அப்போ அது ஆபீஸ் கோடு. அதுக்கு மார்க் கிடையாது. காலிப் பக்கத்துக்கும் கிடையாது.”

வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டாள். “ஏங்க, ஒரு யோசனை கேக்கணும்.”

“என்னது? சத்தமா சொல்லு! மிக்ஸி ஓடுது!”

வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பேனாவை அதிகாரி பக்கமே நகர்த்தினாள்.

“அந்தப் பக்கத்துல ஒண்ணுமே கேக்கக் கூடாது சார். அதுக்காகத்தான் மத்த பக்கமெல்லாம் எழுதினேன்.”

யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதிகாரி விதிப்புத்தகத்தைப் பார்த்தார். அதில் இதற்கு விதி இல்லை. துறைத் தலைவர் உத்தரத்தைப் பார்த்தார். டோக்கன் அக்கா செருப்புக்குள் கால் பெருவிரலால் எண்ணத் தொடங்கினாள். பத்தாவது கட்டத்தில் அதைச் செல்லோக்காரர் பார்த்துவிட்டார். பதினெட்டில் மெல்ல ஒரு பக்கம் புரட்டினார். இருபத்து மூன்றில் சாலை வாத்தியார் இருமினார். இருபத்து நாலு முடிந்ததும் செல்லோக்காரர் வில்லை வைத்து அந்த ஒற்றைச் சுரத்தை இழுத்தார்.

அது அடங்குகிறவரை ஒருவரும் அசையவில்லை.

மறு வாரம் முடிவு வந்தது. தேர்ச்சிக்கு நாற்பது, அவளுக்கு நாற்பத்தொன்று. கீழே தேர்வாளர் குறிப்பு: ‘ஐந்தாம் பக்கம் சிறப்பு. இருமலைத் தவிர்த்திருக்கலாம்.’