பெரிய பேங்க் எங்களை எடுத்துக்கொண்டது

ராயபுரத்தில் ஒரு சின்ன பேங்கில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். மேனேஜரையும் சேர்த்து ஆறே பேர். மேனேஜர் திருவொற்றியூர்க்காரர். பள்ளிக்கூடப் படிப்போடு பியூனாகச் சேர்ந்து அந்த நாற்காலிக்கு வந்தவர். துறைமுகக் கூலிகள், மீன் விற்கும் பெண்கள், வண்ணாரப்பேட்டைத் தோல் வியாபாரிகள் எல்லோருடைய வீட்டு விசேஷமும் அவருக்குத் தெரியும்.

சுதந்திரம் வந்த புதிதில் சின்ன பேங்குகள் பல மூடிக்கொண்டிருந்தன. ஒரு திங்கட்கிழமை எங்களுடையதும் முழுகிவிட்டது என்று யாரோ கிளப்பிவிட, பத்து மணிக்குள் கூட்டம் தெருவை அடைத்துவிட்டது. நான் பயந்துபோய்க் கதவைச் சாத்தப் போனேன். மேனேஜர் என் கையை விலக்கிவிட்டு, ஒரு ஸ்டூலை வெளியே இழுத்துப் போட்டு ஏறி நின்றார்.

"பணம் பத்திரமா இருக்கு. என் பொண்ணு கல்யாணத்துக்குச் சேர்த்ததும் இதே பேங்குலதான் இருக்கு. போச்சுன்னா எனக்கும் சேர்த்துத்தான் போகும்."

முன்னால் நின்ற தோல் வியாபாரி பாய் கேட்டார்: "நெசமாத்தான் சொல்றியா நைனா? உன்ன நம்பித்தான் போறோம்."

"நம்பிப் போங்க பாய்."

பாய் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அவுரு சொன்னா செரி. வூட்டுக்குப் போங்கப்பா."

போனார்கள். அன்று அவர்கள் எடுக்காமல் விட்டுப்போன பணத்துக்காகத்தான் அடுத்த வருஷம் பெரிய பேங்க் எங்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஜனங்களின் பணத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பலகை மாறியது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேனேஜர் பட்டதாரி இல்லையாம். இனி கவுண்டரில் உட்கார வேண்டுமாம். நான் பி.ஏ. என்பதால் கிளையை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரே சாவிக்கொத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, "இரும்புப் பெட்டிப் பூட்டு கொஞ்சம் முரண்டு பண்ணும், சார்," என்றார். அதுவரை என்னை 'தம்பி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே பாய் கவுண்டருக்கு வந்தார். "இன்னா நைனா, இங்க வந்து குந்திகினு கீறே?"

"உள்ள ஒரே புழுக்கம் பாய். இங்கதான் காத்து வருது."

உள்ளே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்த என் காதில் அது விழுந்தது. நான் தலை நிமிரவில்லை. எட்டு மாதம் கழித்து அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். அதை மேலே அனுப்பக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

பெரிய பேங்க் ஊர் ஊராகக் கிளை திறந்தது. தன் வளர்ச்சியைப் பற்றி வழவழத்தாளில் ஒரு விழா மலர் போட்டது. எங்கள் கிளையின் வரலாறு கேட்டார்கள். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அச்சில் வந்தது ஒரே வரி: 'ராயபுரத்திலும் கிளை தொடங்கப்பட்டது.'

என்ன நினைத்தேனோ, ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு திருவொற்றியூருக்குப் போனேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"உங்களப் பத்தி எங்க போட்டிருக்கு?" என்று அவர் மனைவி கேட்டார்.

"என்னப் பத்தி எதுக்குப் போடுவாங்க? சாருக்குக் காபி கொண்டா," என்றார்.

காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அடுத்த மாதம் சம்பள உயர்வோடு யானைக்கவுனிக் கிளைக்கு மாற்றினார்கள். அதன்பிறகு நான் திருவொற்றியூர்ப் பக்கம் போகவே இல்லை.