மஞ்சள் தண்ணி தெளித்த சைட்கார்

பனியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது வீரம் என்று யாராவது உங்களிடம் அளந்தால் நம்பாதீர்கள். அது முழுக்க முழுக்க உடுப்பு விஷயம். கம்பளி, அதன்மேல் இன்னொரு கம்பளி, அதன்மேல் அப்பா வேலையிடத்தில் போட்டுத் தேய்ந்த ஓவர்ஓல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய ஜாக்கெட். இத்தனையும் போட்டபின் உங்களால் கையைக்கூட மடக்க முடியாது. அதன்பிறகு எங்கிருந்து வீரம்?

குளிர்கால ராலி என்பது பந்தயமும் இல்லை. நோர்வே மலைமேல் ஒரு இடம் சொல்வார்கள். மாசி மாதக் குளிரில் மோட்டார் சைக்கிளில் அங்கே போய்ச் சேர வேண்டும். சேர்ந்ததும் பனியில் கூடாரம் அடித்து, சூப் குடித்து, மற்றவர்களின் வண்டிகளைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அடுத்த நாள் திரும்ப வேண்டும். வெளியே நின்று பார்த்தால் விசர். உள்ளே நின்று பார்த்தாலும் விசர்தான், ஆனால் நல்ல கூட்டம்.

போய்ச் சேர்ந்தவருக்கு ஒரு பித்தளை பாட்ஜ் கொடுப்பார்கள், ஐஸ்கிரீம் மூடி அளவில். அதற்கு ஒரே நிபந்தனை, வண்டி தன் சொந்தச் சில்லில் ஓடி வந்திருக்க வேண்டும். வாசலில் நிற்கும் மனிதர் பேச்சே இல்லாமல் கையுறையைக் கழற்றி இன்ஜினில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு இருந்தால் பாட்ஜ். முந்தின வருடம் நடுவழியில் என் பற்றறி செத்து, ராலிக்காரர்களின் டிரெய்லர் பின்னால் வந்து என்னையும் வண்டியையும் அள்ளிக்கொண்டு போனது. அந்த மனிதர் என் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். பாட்ஜ் தரவில்லை.

கதை எனக்கு முன்னமே ஒஸ்லோவுக்குத் திரும்பிவிட்டது. பொங்கல் விழாக்களில் என்னைக் கண்டாலே மாமாமார் "என்ன பிள்ளை, இந்தமுறையும் டிரெய்லரோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒருவர் என்றால் பரவாயில்லை. மண்டபத்தின் வாசலிலிருந்து சாப்பாட்டு மேசை வரைக்கும் வரிசையாகக் கேட்டால் மனுஷி என்ன செய்வது? அதனால் இந்த வருடம் செத்தாலும் அந்த பாட்ஜோடுதான் வருவேன் என்று முடிவுகட்டினேன். புதிய பற்றறி. புதிய ஆணி டயர், மூன்று சில்லுக்கும். ஓம், மூன்று. என்னுடையது பக்கப்பெட்டி பூட்டிய பழைய சைட்கார் வண்டி, ஐஸில் விழாது. சைட்காரில் பாரம் வேண்டும் என்பதால் என்னோடு வகுப்பில் படிக்கும் கோயம்புத்தூர்க்காரியைக் கூட்டினேன். ஆவணியில்தான் நோர்வே வந்தவள். "ஊட்டி மலையில பைக் ஓட்டுனவ நான், எனக்கா சொல்ற?" என்று உடனே சம்மதித்துவிட்டாள். ஊட்டியில் என்ன குளிர் என்று நானும் கேட்கவில்லை.

அம்மா மட்டும் மறித்தா. ஒஸ்லோவின் அம்மருட்டில், எங்கள் அடுக்குமாடிப் புளொக்கின் நிலக்கீழ் கராஜில், நாங்கள் வெளிக்கிடுகிற காலை, கையில் தட்டோடு வந்து வண்டிக்கு முன்னால் நின்றா. தட்டில் சந்தனம், குங்குமம், தேசிக்காய், ஒரு செம்பு மஞ்சள் தண்ணி.

"போன முறை ஒண்டும் செய்யாமல் போனனீ. அதுதான் டிரெய்லரிலை வந்தது."

"அது பற்றறி அம்மா."

"பற்றறி ஏன் செத்தது? அதைச் சொல்லு பாப்பம்."

இதற்குப் பதில் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தருவதில்லை. அம்மா விளக்குக்குச் சந்தனம் வைத்தா, ஹாண்டிலுக்குக் குங்குமம் வைத்தா, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தா. சைட்கார் சில்லுக்கு முன்னால் வந்து கொஞ்சம் யோசித்தா.

"இதுவும் சில்லுத்தானே," என்று சொல்லி அதற்கும் ஒன்று வைத்தா.

கோயம்புத்தூர்க்காரிக்கு ஒரே சந்தோஷம். "ஆன்ட்டி, எங்க ஊர்ல ஆயுத பூஜைக்கு இப்படியேதான் பண்ணுவோம். இன்னும் கொஞ்சம் தெளிங்க, சாவி போடற இடத்துலயும் தெளிங்க, வண்டிக்கு உயிரே அதுதான?"

"பாத்தியே, விஷயம் தெரிஞ்ச பிள்ளை," என்று அம்மா என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மாவிலைக்குப் பதிலாகக் கறிவேப்பிலைக் கொத்தைச் செம்பில் தோய்த்து உதறினா. சாவித் துவாரத்தில் ஒருமுறை. பின்பெட்டிப் பூட்டில் ஒருமுறை. அப்பா தூணில் சாய்ந்து நின்றபடி, "காணும், காணும், மோட்டர் குளிக்கப் போகுது," என்றார். "நீங்கள் சும்மா இருங்கோ," என்று அவருக்கும் ஒரு தெளிப்பு விழுந்தது.

கராஜ் சூடாக இருந்தது. அதுதான் வில்லங்கம். சூட்டில் நிற்கிறவருக்குத் தண்ணீர் தண்ணீராகத்தான் தெரியும்.

கடைசியாக அம்மா ஒரு பை தந்தா. பருத்தித்துறை வடை, கட்டுச்சம்பல் போட்ட எவர்சில்வர் டப்பா, ஒரு பெட்டி கற்பூரம், நெருப்புப் பெட்டி. "போய்ச் சேர்ந்த உடனை மோட்டருக்கு முன்னாலை ஒண்டு கொளுத்திக் கும்பிடு. மறக்காதை." தேசிக்காய்கள் மூன்றும் நசியும் சத்தத்தோடு கராஜை விட்டு வெளியேறினோம்.

வெளியே உடலெல்லாம் குத்தும் குளிர். ஆனால் வானம் சுத்தமான நீலம், தெரு இறுகிய வெள்ளைப் பனி. ஆணி டயர் அதில் ஓடும்போது ஒரு சத்தம் வரும், யாரோ மிக்சரை வாய்நிறையப் போட்டு மெல்வதுபோல. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். வலது வளைவில் சைட்கார் மேலே எழும்பப் பார்க்கும். அப்போது கோயம்புத்தூர்க்காரி வலப்பக்கம் வெளியே சாய வேண்டும். முதல் வளைவில் அலறினாள். நாலாவது வளைவில் பாடினாள். நகரம் முடிந்து, பண்ணைகள் முடிந்து, ஊசியிலைக் காடு தொடங்கியபோது என் இமை மயிர் முழுக்க வெள்ளை. இரண்டு பேரும் சும்மா சும்மா சிரித்துக்கொண்டிருந்தோம். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

இன்னும் கொஞ்சத் தூரம்தான் பாக்கி என்கிற இடத்தில், சைட்காரிலிருந்து என் முழங்காலில் ஒரு குத்து.

"அம்மிணி, நிறுத்து. அவசரம்."

"இன்னும் அரை மணித்தியாலம் பொறு."

"அரை மணி நேரமா? சான்ஸே இல்ல. தெர்மாஸ் டீ முழுக்க நான்தான் குடிச்சேன்."

தெருவோர ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினேன். குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும் இடம், ஒரு மேசையின் தலை மட்டும் பனிக்கு மேலே தெரிந்தது. அவள் இடுப்பளவு பனியில் நீந்திக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் போனாள். இன்ஜினை நிறுத்தினேன். பழக்கதோஷத்தில் சாவியையும் உருவிப் பையில் போட்டேன். காட்டில் யார் வந்து களவெடுக்கப் போகிறார்கள்? ஆனால் புளொக்கில் வளர்ந்த கை, அது தன்பாட்டில் செய்யும்.

அவள் அத்தனை கம்பளிகளையும் அவிழ்த்து, திரும்பப் போட்டு, நீந்தி வந்து சேர நல்ல நேரம் எடுத்தது. சாவியை நுழைத்தேன். பாதி போனது. திருப்பினேன். அசையவில்லை. குனிந்து பார்த்தால், இன்ஜின் சூடு இருந்தவரை உறையாமல் கிடந்த தண்ணி இப்போது துவாரத்துக்குள் அழகான மஞ்சள் ஐஸ்.

"ஐயையோ," என்றாள் கோயம்புத்தூர்க்காரி, மிக மெதுவாக. "நான்தான தெளிக்கச் சொன்னேன்."

"ஓம், நீதான் சொன்னனீ. விஷயம் தெரிஞ்ச பிள்ளை."

"ஐஸ் உருகப் பூட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரே ஒண்ணு வெச்சிருப்பியே?"

வைத்திருந்தேன். பின்பெட்டிக்குள். அதே சாவி. அந்தப் பூட்டிலும் மஞ்சள் ஐஸ். பூட்டைத் திறக்கும் சாமானை வைத்துப் பூட்டிய உலகத்தின் முதல் ஆள் நானாக இருக்க மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் அப்படித்தான் இருந்தது.

இன்ஜின் 'டிக் டிக்' என்று ஆறும் சத்தம் கேட்டது. முற்றாக ஆறிவிட்டால் எண்ணெய் கூழாகிவிடும். புதிய பற்றறியாலும் சுழற்ற முடியாது. முந்தின வருடம் அப்படித்தான் முடிந்தது. வாயால் ஊதினேன், உதடு இரும்பில் ஒட்டப் பார்த்தது. சாவியைக் கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்கிக் குத்தினேன். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் கீழே வளைவில் ஒரு செம்மஞ்சள் சுழல் விளக்கு தெரிந்தது. டிரெய்லர். அதே டிரெய்லர். பொங்கல் மண்டபத்து வரிசை முழுவதும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

ஓட்டி வந்த தாடிக்காரர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். என்னை அடையாளம் கண்டது அவர் முகத்திலேயே தெரிந்தது. நோர்வேஜிய மரியாதை, சொல்லவில்லை.

"ஏற்றட்டுமா?"

"உங்களிடம் பூட்டு ஸ்ப்ரே இருக்கிறதா?"

யோசித்தார். "இருக்கிறது. வீட்டில்."

நான் கோயம்புத்தூர்க்காரியைப் பார்த்தேன். அவள் இரண்டு காலிலும் மாறி மாறித் துள்ளிக்கொண்டிருந்தாள். "உனக்கு விறைக்குதெண்டால் சொல்லு. ஏத்துவம். பாட்ஜ் பேந்து பாக்கலாம்," என்றேன். மனசுக்குள் தயவுசெய்து சொல்லாதே, சொல்லாதே என்று ஓடிக்கொண்டிருந்தது.

"லூசா நீ? இவ்ளோ தூரம் நான் பாரமா வந்ததே அதுக்குத்தான? முதல்ல ஒரு வடை குடு, மூளை வேலை செய்யல." சைட்காருக்குள் தலைகீழாகக் கவிழ்ந்து அம்மாவின் பையைக் கிளறினாள். வடை வரவில்லை. கையில் கற்பூரப் பெட்டியோடு நிமிர்ந்தாள்.

ஆளை ஆள் பார்த்தோம்.

சம்பல் டப்பாவின் மூடியைச் சைட்காரின் காற்றுப்படாத பக்கம் பனியில் பதித்தோம். அவள் இரண்டு கட்டி கற்பூரம் வைத்து நெருப்புக் குச்சி கிழித்தாள். அந்த வெள்ளைக் காட்டில் திடீரென்று கோயில் மணம். நான் சாவியைத் தடித்த கையுறையால் பிடித்து நெருப்பில் காட்டி, ஓடிப்போய்த் துவாரத்தில் குத்தினேன். 'ஸ்' என்றது. கொஞ்சம் உள்ளே போனது. திரும்ப நெருப்பு, திரும்பக் குத்து. கையுறை கருகி மணத்தது. சாவி கரிக்கட்டையாகியது. தாடிக்காரர் கதவைத் திறந்து இறங்கினார், தன் தெர்மோஸிலிருந்து கோப்பி ஊற்றினார், டிரெய்லரில் சாய்ந்து நின்று பார்த்தார். அவசரப்படுத்தவில்லை.

"அது என்ன எரிபொருள்?" என்று மட்டும் கேட்டார்.

"சாமிக்குக் கொளுத்துவது," என்றேன்.

"சரி," என்று தலையாட்டி ஒரு மிடறு குடித்தார்.

பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. "இதுதான் கடைசி," என்று அவள் வைத்த கட்டியில் நெருப்பு அணையப் பார்க்கும்வரை சாவியைக் காட்டிவிட்டுக் குத்தினேன். முழுதாக உள்ளே இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. ஸ்டார்ட்டர் 'ஊ... ஊ...' என்று முனகியது. நின்றது. மறுபடி முனகியது. பிறகு இன்ஜின் ஒரு இருமல், இரண்டு இருமல், அப்புறம் பிடித்துக்கொண்டது. கோயம்புத்தூர்க்காரி காட்டுக்கே கேட்கும்படி விசிலடித்தாள். தாடிக்காரர் கோப்பிக் கோப்பையை உயர்த்திக் காட்டினார்.

மிச்சத் தூரம் முழுக்க வெறும் டிரெய்லர் எங்களுக்குப் பின்னால் கடகடவென்று வந்தது. எனக்கு ஊர்வலம் வருவதுபோல் இருந்தது. பொய் சொல்வானேன், வேண்டுமென்றே மெதுவாகப் போனேன்.

ராலி வாசலில் அதே மனிதர். கையுறையைக் கழற்றினார். உள்ளங்கையை இன்ஜினில் வைத்தார், உடனே எடுத்து உதறினார். அவ்வளவு சூடு. அந்த மனிதர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு பெற்றோல் டாங்கியில் வடிந்து உறைந்திருந்த மஞ்சள் ஐஸைக் கண்டார். சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. என்னைப் பார்த்தார். கோயம்புத்தூர்க்காரியைப் பார்த்தார்.

"அது மஞ்சள்! சமையல் மஞ்சள்!" என்று நான் கத்தினேன்.

அவர் நம்பினாரோ தெரியாது. அந்தப் பக்கம் கை வைக்காமல் பாட்ஜை எடுத்துத் தந்தார். சைட்காரைச் சுற்றி வந்து அவளுக்கும் ஒன்று. "நான் லக்கேஜ் இல்லையா அப்ப?" என்று அவள் தமிழில் கேட்டுவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தாள். பாவம், மனிதர் அதற்குத் தயாராக இருக்கவில்லை.

கூடாரம் அடித்து, பெரிய அடுப்பறையில் சூப் கோப்பையோடு உட்கார்ந்தபின் வீட்டுக்கு போன் எடுத்தேன். முதல் ரிங்கிலேயே அம்மா.

"போய்ச் சேர்ந்திட்டியோ? என்னத்திலை?"

"என்ரை சில்லிலை அம்மா. பாட்ஜ் கையிலை கிடக்குது."

மறுபக்கம் ஒரு பெரிய மூச்சு. "கற்பூரம் கொளுத்தினனீயோ?"

"ஓம். பெட்டியோடை கொளுத்தியாச்சு."

"பெட்டியோடையோ? ஒண்டு காணுமெல்லே, விசரி!"

"இஞ்சை சரியான குளிர் அம்மா. ஒண்டு காணாது."

"சரி, சரி. பாத்தியே? மஞ்சள் தண்ணி தெளிச்சு விட்டபடியாத்தான் ஒரு பிரச்சினையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அடுத்த முறை இன்னும் வடிவாச் செய்து விடுறன்."

எனக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர்க்காரிக்குச் சூப் புரையேறியது. நான் பித்தளை பாட்ஜை அடுப்பு வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன்.

"ஓம் அம்மா," என்றேன். "ஆனால் கற்பூரம் ரெண்டு பெட்டியாத் தாங்கோ."